பாலக்காட்டுச் சூடு தமிழ்நாட்டுல இருந்து இறங்குதா? கணவாய்க்காத்து பத்தி ஒரு விவாதம்

மார்ச் 14, இரவு 9:50

திருச்சூர்ல இருந்து ஒரு சேட்டன் கேட்டத அப்படியே போடறேன்: “உங்க பக்கம் மலை நடுவுல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியாதான் தமிழ்நாட்டு வெயில் மொத்தமும் பாலக்காட்டுக்குள்ள வருது, அந்த ஓட்டையும் ஏதோ பூகம்பத்துல விழுந்ததுதானே?”

மொதல்ல ஓட்டைங்கற வார்த்தைய விடுங்க. அது பாலக்காட்டுக் கணவாய், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நடுவுல இருக்கற இடைவெளி, முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலம். வடக்க நீலகிரி, தெக்க ஆனைமலை, நடுவுல எங்க தாத்தா காலத்துக் கடலைக்காடு, பனமரம், கள்ளு ஷாப்பு, ரயிலு, ஹைவே எல்லாமே கெடக்கு. நான் கேரளாவுல, தமிழ்நாட்டு எல்லையோரமா பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன், வீடு வேலந்தாவளம் போற வழியில. அதாவது உங்க ஓட்டைக்குள்ள உக்காந்துதான் இத டைப் பண்றேன்.

பூகம்பம் கதை தப்பு, அதுக்கு அப்பறம் வரேன். வெயில் விசயத்துல பாதி ஒத்துக்கறேன். இன்னைக்கு மத்தியானம் எங்க மாட்டுக்கொட்டாயில தொங்கற தெர்மாமீட்டர்ல 44. காலையில இருந்து கிழக்கத்திக் காத்து, ஒதடு வெடிக்குது. கோயமுத்தூர்ல இருந்து வர்ற காத்துதான் அது, வேற எங்கிருந்து வரும்.

மார்ச் 14, இரவு 11:15

காத்து ஏன் இவ்ளோ வேகமா வருதுன்னா, ஓஸ் பைப் வாயில கட்டைவெரல் வச்சு அழுத்துனா தண்ணி பீச்சுமில்ல, அதேதான். ரெண்டு மலையும் ரெண்டு வெரல்.

மார்ச் 16

அந்த 44 பத்தி சிரிச்சவங்க எல்லாம் சிரிச்சுக்கோங்க, என் மேலதான் தப்பு. அன்னைக்கு பாலக்காட்டுல 39னுதான் செய்தியில சொன்னாங்க. போய்ப் பாத்தா தெர்மாமீட்டர் தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழ தொங்குது. கைய மேல நீட்டுனா தோசைக்கல்லு பக்கத்துல காட்டுன மாதிரி இருக்கு. பாவம் மாடு.

வானிலைக்காரங்க எப்படி அளக்கறாங்கன்னு தேடிப் பாத்தேன். வெள்ளைப் பெயிண்ட் அடிச்ச மரப்பொட்டி, நாலு பக்கமும் சரிவா பலகை வச்சு காத்து மட்டும் பூந்து போற மாதிரி, தரைக்கு மேல நாலடி சொச்சம் உயரத்துல, கதவு வடக்கு பாத்து இருக்கும். ஸ்டீவன்சன் பொட்டின்னு பேரு. அந்தாளு லைட்ஹவுஸ் கட்டற இன்ஜினியராம். வெயில அளக்கக் கூடாது, நெழல்ல இருக்கற காத்த அளக்கணும், அதான் சூத்திரம். நான் இத்தன வருசமா தகரத்த அளந்துட்டு இருந்திருக்கேன்.

இப்ப புளியமரத்தடியில ஒரு பழைய பழப்பொட்டிக்கு சுண்ணாம்பு அடிச்சு உள்ள வச்சிருக்கேன். 38.5.

அதுக்காக இங்க சூடே இல்லைன்னு சொல்ல வரல. 2016 ஏப்ரல்ல மலம்புழாவுல 41.9 போச்சு. அந்த மாசம் என் கடைக்கு வந்த கருகுன மோட்டார வைக்க எடம் இல்லாம ரோட்டோரம் வரிசையா வச்சேன். போர்ல தண்ணி வத்தி மோட்டார் வெறும்ன ஓடும், வார்னிஷ் கருகி காயில் வெந்து போகும். அந்த நாத்தம் வந்தா பங்குனி வந்தாச்சுன்னு எனக்குத் தெரியும். ஊரே வெயிலத் திட்டும், நான் மட்டும் கொஞ்சம் சத்தம் கம்மியாத் திட்டுவேன்.

மார்ச் 22

கணவாய் எப்படி வந்துச்சுங்கறதுக்கு வரேன், இது கொஞ்சம் நீளும்.

எங்க வீட்டுப் பின்னால துணி தொவைக்கற கல்லு ஒண்ணு இருக்கு. அம்மா கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சாம். ஈரமானாத்தான் தெரியும், அதுல கருப்பும் வெள்ளையுமா வரி வரியா ஓடும். நேரா ஓடாது, ஒரு எடத்துல அப்படியே வளைஞ்சு மடங்கி திரும்பி வரும், பொடவைய அவசரத்துல சுருட்டி வச்ச மாதிரி. சின்ன வயசுல அத வெரலால தடவிட்டே இருப்பேன், யாரோ வரைஞ்சதுன்னு நெனச்சேன். அது நைஸ் பாறை. கணவாயோட தரை முழுக்க பெரும்பாலும் இந்த ஜாதிதான். பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல, கல்லு கல்லா இல்லாம பிசைஞ்ச மாவு மாதிரி இருந்த காலத்துல, நசுங்கி இழுபட்டதோட தடம் அந்த வரி.

அப்படி இழுபட்ட ஒரு பெரிய பட்டை பாலக்காட்டுல இருந்து கிழக்க காவேரிப் பக்கம் வரைக்கும் போகுது. பாலக்காடு–காவேரி ஷியர் ஸோன்னு புவியியல்காரங்க சொல்லுவாங்க. பட்டைக்கு வடக்க நீலகிரிப் பாறைக்கு வயசு 250 கோடி வருசம். தெக்க போனா 55 கோடி வருசத்துக்கு முன்னால இன்னொரு தடவ வெந்து உருமாறுன தடம் இருக்கு. ரெண்டு வேற வேற நெலம் ஒட்டுன தையல்னு வச்சுக்கோங்க. பழைய வேட்டி எங்க கிழியும்? மடிப்புல. அந்த மாதிரி, நசுங்கி நொந்து போன பட்டையில மழையும் ஆறும் சீக்கிரம் அரிச்சுது. ரெண்டு பக்கமும் கெட்டிப் பாறை, சார்னோக்கைட்டு, அது நின்னுருச்சு. ஒரே நாள்ல ஒடஞ்சு விழுந்த சமாச்சாரம் இல்ல, கோடிக்கணக்கான வருசம் தேஞ்ச சமாச்சாரம். பட்டை ஓரத்துல பாறை வெடிச்சு நடுவுல இருந்த துண்டு கொஞ்சம் கீழ எறங்கியும் இருக்கலாம்னு சொல்றவங்க உண்டு, அது இன்னும் வாதத்துல இருக்கு.

சார்னோக்கைட்டுன்னு பேரு வந்த கதை தெரியுமா? கல்கத்தாவுல ஜாப் சார்னாக்குங்கற வெள்ளைக்காரனோட சமாதிக் கல்லப் பாத்துட்டு ஹாலண்டுன்னு ஒரு புவியியல்காரர் அவன் பேரையே வச்சுட்டாரு. கல்லு என்னவோ நம்ம பல்லாவரத்துக் கல்லு. கல்லுக்கு நம்ம ஊரு, பேருக்கு கல்கத்தா. சேட்டன், சூடு பாலக்காட்டோடது, பேரு தமிழ்நாட்டுக்குங்கறதும் இப்படித்தான்.

மார்ச் 23, காலை

எங்க பழைய ஸ்கூல் மாஷ் நேத்து எழுதுனதப் படிச்சுட்டு போன்லயே ஒரு கிளாஸ் எடுத்துட்டாரு. “ஏன்டா, மலை மொதல்ல நின்னுச்சு, அப்பறம் நடுவுல தேஞ்சுச்சுன்னு எழுதிருக்க, மலை எப்ப வந்துச்சுன்னு யோசிச்சியா?”

யோசிக்கல. அவரு சொன்னது: மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலை மாதிரி மடங்கி எந்திரிச்ச மலை இல்ல, அது ஒரு பீடபூமியோட ஓரம். சுமார் 9 கோடி வருசத்துக்கு முன்னால மடகாஸ்கர் நம்மள விட்டுப் பிரிஞ்சு போச்சு, அந்தப் பிச்ச ஓரம்தான் தேஞ்சு தேஞ்சு உள்ள நகந்து இன்னைக்கு மலைச்சுவரா நிக்குது. அப்ப கணக்குப் பாருங்க, மடிப்புக்கு வயசு 50 கோடிக்கு மேல, சுவருக்கு 9 கோடி. வேட்டி தைக்கறதுக்கு முன்னாலயே கிழிசல் ரெடி. மடகாஸ்கர்ல ரனோட்சாரான்னு ஒரு பட்டை இருக்கு, அதை நம்ம பாலக்காட்டுப் பட்டையோட ஒட்டிப் பாக்கறவங்க உண்டு, இல்லைங்க அது செங்கோட்டைப் பக்கம் இருக்கற அச்சன்கோவில் பட்டையோட ஜோடின்னு சொல்றவங்களும் உண்டு. பிரிஞ்ச சொத்துக்கு பத்திரம் தேடற கதைதான்.

மார்ச் 23, இரவு

பூகம்பமே இல்லைங்கற மாதிரி எழுதிட்டேனோ? இருக்கு. 1900 பிப்ரவரி 8, கோயமுத்தூர் பூகம்பம், அளவு 6 பக்கம். தென்னிந்தியாவுல பெரிசுன்னு சொல்ற கணக்குல அதுவும் ஒண்ணு. எங்க அம்மாயி அவங்க ஆத்தா சொன்னதா சொல்லுவாங்க, அடுக்குப் பானை தானா உருண்டுச்சுன்னு. 1994 டிசம்பர்ல வடக்காஞ்சேரிப் பக்கம் 4.3. சேட்டனுக்கு இது ஞாபகம் இருக்கும். பழைய மடிப்பு அப்பப்ப முனகும், ஆனா முனகுனதுல கணவாய் வரல.

ஏப்ரல் 6

சும்மா பேசறத விட்டுட்டு ஒரு வேலை செஞ்சேன். போர் குழாய் மிச்சம் ஒண்ணு கெடந்துச்சு, அத மொட்டை மாடியில நட்டு, பாட்டியோட கிழிஞ்ச நூல் சேலையில ஒரு கெஜம் கட்டி விட்டேன். மூணு வாரமா காலையில ஆறரை, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, எந்தப் பக்கம் பறக்குதுன்னு காலண்டர்ல எழுதி வச்சேன். கி, மே, சும்மா. சும்மான்னா தொங்குதுன்னு அர்த்தம்.

மார்ச் கடைசி வரைக்கும் காலையில பெரும்பாலும் கிழக்க இருந்து. ஏப்ரல் வந்ததும் காலையில சும்மா. ஆனா மூணரை நாலு மணிக்கு மேல பாருங்க, சேலை டக்குனு திரும்பி மேக்க இருந்து பறக்குது. காத்துல ஒரு ஈரம் கூட. கடலு இங்க இருந்து எங்கியோ இருக்கு, ஆனா கடல்காத்தோட வால் இதுன்னுதான் எனக்குத் தோணுது. மலை இருந்தா அங்கியே நின்னிருக்கும், கதவு தொறந்து கெடக்கறதால உள்ள வருது.

அப்ப சேட்டன், வெயில் உச்சத்துல இருக்கற ஏப்ரல்ல சாயங்காலக் காத்து உங்க பக்கத்துல இருந்துதான் வருது. தமிழ்நாட்டு வெயிலு பாதி வேளை லீவுல இருக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தச் சேலை செத்த மாதிரி தொங்குதே, அப்பத்தான் சூடு அதிகம். எங்கிருந்தும் வரல, மேகம் இல்லாத வானத்துல இருந்து நேரா மண்டையில எறங்குது, காஞ்ச மண்ணு அத வாங்கி வச்சுக்குது. ஈரமா இருந்தா பாதி சூடு தண்ணிய ஆவியாக்கறதுல போயிரும், இங்க மண்ணுல ஈரம் ஏது.

எங்க மண்ணப் பத்தி தனியா சொல்லணும். கேரளாவுல கரிசல் மண்ணுன்னா முக்கியமா சித்தூர் தாலூக்கா கிழக்குதான். இப்ப வெடிச்சு கெடக்கு, மம்பட்டிப் புடிய உள்ள விட்டா பாதி எறங்குது. ஒரு வருசம் அந்த வெடிப்புல என் பைக் சாவி விழுந்துச்சு. வளைஞ்ச கம்பி, காந்தம், எல்லாம் போட்டுப் பாத்தேன். மழை பேஞ்சதும் வெடிப்பு மூடிக்கிச்சு, சாவி உள்ளயே. புவியியல்காரங்க கெடைச்சா குடுங்க.

ஏப்ரல் 6, இரவு

சேலை நல்லாருக்கு, வித்துருவீங்களான்னு கேட்டவருக்கு: பாட்டி ஏற்கனவே என்னோட பேசறதில்ல.

மே 2

ஓஸ் பைப் உதாரணத்த வாபஸ் வாங்கறேன். கோயமுத்தூர் பக்கம் போத்தனூர்ல என் மச்சான் ஒருத்தன், காத்துல கரண்ட் எடுக்கற காத்தாடிக் கம்பெனிகளுக்கு ஒயரிங் வேலை செய்யறவன், அவன்தான் கேட்டான், முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு எவன் கட்டைவெரல் வைக்கறதுன்னு. வெறும் குறுகலால மட்டும் வேகம் வந்துடாதாம். மலைக்கு ஒரு பக்கம் காத்தழுத்தம் கூட, மறுபக்கம் கம்மி, நடுவுல ஆயிரக்கணக்கான மீட்டர் சுவர், இந்த ஒரு எடத்துல மட்டும் வாசல். அப்ப அழுத்தம் கூடுன பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் தள்ளிட்டு வருது. கல்யாண மண்டபத்துல சாப்பாட்டுக் கதவு தொறக்கற நேரம் நெனச்சுக்கோங்க, கதவோட அகலம் ஒரு காரணந்தான், உள்ள எல போட்டாச்சுங்கறதுதான் பெரிய காரணம்.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய் எல்லாத்துலயும் இதேதான். முப்பந்தல்ல காத்தாடி காடா நிக்கறது சும்மாவா. இங்க கஞ்சிக்கோட்டுல கேரளா மின்வாரியம் நட்டதும் அதுக்குத்தான்.

ஜூன் 20

மழை வந்தாச்சு, எல்லாருக்கும். எங்களுக்குக் கொஞ்சம்.

ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, மேகம் எல்லாம் கணவாய் வழியாத்தானே போகுது, அப்ப உங்களுக்குத்தானே நெறைய பெய்யணும்? நானும் பையனா இருக்கறப்ப மாஷ்கிட்ட இதக் கேட்டு “ஆஹா”ன்னு ஒரு பட்டம் வாங்குனவன். மேகம் போனா பத்தாது, மேல ஏறணும். ஈரக்காத்து மலையில முட்டி ஏறும், ஏறுனா குளுரும், குளுந்தா கொட்டும். கணவாய்ல முட்டறதுக்கு எதுவும் இல்ல, அதுபாட்டுக்கு நம்ம தலைக்கு மேல ஹாரன் அடிக்காம போற லாரி மாதிரி போயிரும். தெக்க ஆனைமலையில சின்னக்கல்லார்ல கொட்டோ கொட்டுன்னு கொட்டும். கேரளாவோட சராசரி வருசத்துக்கு 3000 மில்லிமீட்டர் பக்கம், எங்க எருத்தியாம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பக்கம் மழைமறைவுன்னு கவர்மெண்டே ஒத்துக்கிட்ட ஊருங்க. கேரளாவுல இருந்துட்டு கடலையும் சோளமும் போடறோம்.

தண்ணி எங்களுக்கு ஆழியார்ல இருந்து வரணும். பரம்பிக்குளம் ஆழியார் ஒப்பந்தத்துல சித்தூர் ஆத்துக்கு வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. காத்துக்கு ஒப்பந்தம் இல்ல, அதான் ஒழுங்கா வருது.

ஜூலை 27

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. அம்மி இருக்கு. மாட்டுக்கொட்டாய் தகரம் ரெண்டு இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு பெரிய சத்தம், எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா ஒண்ணு பக்கத்துத் தோட்டத்துல கப்பைக் கெழங்குச் செடி மேல படுத்திருக்கு, இன்னொண்ணக் காலையிலதான் கண்டுபுடிச்சேன், பனமரத்துல ஆளுயரத்துல மாட்டி நிக்குது. கப்பைக்கு நஷ்டஈடு கேட்டாங்க, ஒரு மோட்டார ஓசியில கட்டித் தரேன்னு பேசி முடிச்சேன். என் தெர்மாமீட்டர ஏமாத்துன தகரமும் அதுல ஒண்ணு. போகட்டும்.

சேலை இப்ப ராப்பகலா மேக்க இருந்துதான், காலண்டர்ல மே மே மேன்னு ஆட்டுக்குட்டி மாதிரி எழுதி வச்சிருக்கேன். இந்தக் காத்துதான் கோயமுத்தூருக்குப் போய் அங்க ஜிலுஜிலுன்னு இருக்கு, உடுமலை பல்லடத்துல காத்தாடி சுத்துது. சேட்டன், இதையும் கணக்குல எழுதிக்கோங்க, நாலு மாசம் உங்க குளுமை எங்க வழியாத்தான் அங்க போகுது.

ஆகஸ்ட் 10

கொஞ்சம் வழிமாறிப் போறேன். கணவாய் காத்துக்கு வாசல், யானைக்கு சுவர். நீலகிரிப் பக்கத்து யானைக்கும் ஆனைமலைப் பக்கத்து யானைக்கும் டி.என்.ஏ.வுல நல்ல வித்தியாசம் இருக்குன்னு 2005ல ஆராய்ச்சி வந்திருக்கு. நடந்தா ஒரு நாள் தூரம், ஆனா கலக்கல. சோலைக்காட்டுக் குருவிங்க இன்னும் மோசம். நீலகிரி சிரிப்பான் வடக்க, பழனி சிரிப்பான் தெக்க, ஒண்ணுக்கு இன்னொண்ணு தூரத்துச் சொந்தம், பேச்சுவார்த்தை இல்ல. மலை உச்சிக் குளுருல பழகுனதுக்கு இந்தப் பள்ளத்துச் சூட்டத் தாண்டறது கடலத் தாண்டற மாதிரி.

மனுசன் மட்டும் நேர் எதிர். ரோமாபுரிக் காசு கோயமுத்தூர் பக்கம் வெள்ளலூர்ல கெடைச்சதுக்கு இந்த வழிதான் காரணம், கேரளக் கரையில இருந்த பழைய முசிறித் துறைமுகத்துல எறங்குன சரக்கு கொங்கு நாட்டுக்கு வர வேற சுளுவான வழி ஏது. ரயிலும் 1860கள்லயே இங்க பூந்துருச்சு. அந்தத் தண்டவாளத்துலதான் வாளையார் பக்கம் யானை அடிபடுது. அதப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னைக்குத் தூக்கம் வராது, விடறேன்.

நவம்பர் 24

வந்துருச்சு. நேத்து ராத்திரி பத்து மணிக்கு வடக்கு ரூம் ஜன்னல் படார்னு அடிச்சுது, எழுந்து போய்ப் பாத்தா சேலை மேக்கு பாத்து நீட்டமா நிக்குது. கிழக்கத்திக் காத்து. எங்களுக்குக் கார்த்திகை, மலையாளத்துல விருச்சிகம், விருச்சிகக் காத்துன்னு திருச்சூர் வரைக்கும் பேரு. சேட்டன் சொன்ன காத்து இதுதான்னா அவரு ஜெயிச்சாரு, ஆனா ஒண்ணு, இது வர்றப்ப கோயமுத்தூர்ல வெயிலே இல்ல, காலையில ஸ்வெட்டர் போட்டு நடக்கறாங்க. குளுந்த ஊர்ல இருந்து வர்ற காத்து இங்க எப்படிக் கதகதன்னு இருக்கு?

இது கணக்கு. ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில கடல்மட்டத்துக்கு எவ்ளோ உயரம்னு போட்டிருக்கும், பாத்திருப்பீங்க. கோயமுத்தூர் சுமார் 410 மீட்டர், பாலக்காடு டவுன் 80 சொச்சம். 330 மீட்டர் எறக்கம். காஞ்ச காத்து கீழ எறங்குனா மேல இருக்கற காத்து அமுக்கும், அமுங்குனா சூடாகும், சைக்கிள் பம்பு அடிச்சா அடிப்பக்கம் சுடற மாதிரி. நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. அப்ப 3 டிகிரி சும்மா எறங்கி வந்ததுக்கே கூடுது. தமிழ்நாட்டு வெயில் இல்ல சேட்டன், தமிழ்நாட்டு மேடு.

டிசம்பர் 3

கணக்கு சரியான்னு பாக்க ஒரே கடையில ஒரே மாதிரி ரெண்டு தெர்மாமீட்டர் வாங்குனேன். ஒண்ணு போத்தனூர் மச்சானுக்கு, ஒண்ணு பாலக்காடு டவுனை ஒட்டி ஒலவக்கோட்டுல இருக்கற என் தங்கச்சிக்கு. நல்லாக் காத்து வீசற நாள்ல காலையில ஆறரைக்கு ரெண்டு பேரும் பாத்துச் சொல்லணும்.

போத்தனூர் 21. ஒலவக்கோடு 24. மூணு! கடைப் பையனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

டிசம்பர் 4

மாஷ் விடல. குடுக்கறதுக்கு முன்னால ரெண்டையும் ஐஸ் தண்ணியில வச்சுப் பாத்தியான்னு கேட்டாரு. வைக்கல. இன்னைக்கு வைக்கச் சொன்னேன். தங்கச்சியோடது சரியா 0. மச்சானோடது ஐஸுக்குள்ளயே 1.5 காட்டுது. அப்ப போத்தனூர் 21 நெசத்துல 19.5, வித்தியாசம் 4.5 ஆச்சு. கணக்கு சொன்னது 3 சொச்சம். மீதி ஒரு டிகிரிக்கு மேல எங்கிருந்து வந்துச்சுன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். கோயமுத்தூர்ல ராத்திரி தரை சீக்கிரம் ஆறுதோ, இங்க காத்து அடிச்சுக் கலக்கறதால ஆற விடலையோன்னு ரெண்டு பக்கம் எழுதி வச்சிருந்தேன்.

டிசம்பர் 5

ஒலவக்கோடு போயிட்டு வந்தேன். தங்கச்சி தெர்மாமீட்டர சமையக்கட்டு ஜன்னலுக்கு வெளிய மாட்டிருக்கா. காலையில ஆறரை, அங்க இட்லி வேகற நேரம்.